கற்றல் இடர்பாடுள்ள மாணவ விளையாட்டு வீரர்களும் கல்வித் தகுதி விதிகளும்: மலையகப் பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலையகப் பாடசாலைகளில் ஓட்டத்திலும் கரப்பந்தாட்டத்திலும் மாகாண மட்டம் வரை சென்று வந்த பிள்ளைகளுள் சிலர், வகுப்பறையில் ஒரு பந்தியை வாசித்து முடிக்க மற்றவர்களைவிடப் பன்மடங்கு நேரம் எடுப்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். அத்தகைய பிள்ளையின் விளையாட்டு எதிர்காலத்தைக் கல்வி விதிகள் எங்கெங்கே தொடுகின்றன, எங்கே வழிவிடுகின்றன என்று ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பகுதிகளின் பெற்றோரும் சக ஆசிரியர்களும் பல தடவை என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கேள்விகளுள் பெரும்பாலானவை ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிப் புலமைப்பரிசிலைப் பற்றியவை என்பதால் அந்நாட்டு விதிகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கற்றல் இடர்பாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? படிப்பில் பின்தங்கிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உண்டா?

இல்லை. பொதுவான அறிவுத்திறன் சராசரியாகவோ அதற்கு மேலாகவோ இருந்தும், வாசித்தல், எழுதுதல், கணித்தல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ மட்டும் தொடர்ந்து கடினமாக இருப்பதையே கற்றல் இடர்பாடு என்கிறோம். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்பாடு இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. பாடசாலைக்கு ஒழுங்காக வராமை, கண்பார்வைக் குறைவு, கேட்டல் குறைவு, கற்பிக்க ஆசிரியர் இல்லாமை ஆகியவற்றாலும் பிள்ளை பின்தங்கும். அவை வேறு காரணங்கள், அவற்றுக்கான தீர்வும் வேறு. ஆகவே முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுவது நல்லது. பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதே முழுக் காரணமாக இருந்ததும் உண்டு.

தமிழ் மொழிமூலம் கற்கும் பிள்ளையில் இந்த இடர்பாடு எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து வெவ்வேறு சொற்களில் வெவ்வேறாக ஒலிப்பதால், வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளை சொற்களைத் தவறாகவே வாசித்து உடனே அகப்பட்டுக்கொள்ளும். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் நிலையானது. அதனால் அதே பிள்ளை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சரியாகவே வாசித்துவிடும். ஆனால் மிக மெதுவாக வாசிக்கும், வாக்கியத்தின் முடிவுக்கு வருமுன் தொடக்கத்தை மறந்துவிடும். 'பிழையில்லாமல் வாசிக்கிறான், ஆனால் சோம்பேறி' என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதப்படும் பிள்ளைகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். ல, ள, ழ எழுத்துகளையும் ர, ற எழுத்துகளையும் மாற்றி எழுதுவதை மட்டும் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். பேச்சில் அந்த வேறுபாட்டைக் கேட்காமல் வளரும் எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு எழுதுவார்கள்.

இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பங்குபற்றக் குறிப்பிட்ட புள்ளிகள் எடுத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நமது பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகள் வயதுப் பிரிவுகளின்படி நடப்பவை. பிள்ளை அந்தப் பாடசாலையின் மாணவர் என்பதும் வயதும் உறுதியானால் போதும். கணிதத்துக்கு எத்தனை புள்ளி என்று வலய மட்டப் போட்டியின் தொடக்கக் கோட்டில் எவரும் கேட்பதில்லை.

ஆயினும் எழுதப்படாத தடையொன்று நடைமுறையில் இருக்கிறது. தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்ததும் 'இனி மைதானத்துக்குப் போகக் கூடாது' என்று வீட்டிலோ பாடசாலையிலோ சொல்லிவிடுகிறார்கள். கற்றல் இடர்பாடுள்ள பிள்ளையிடமிருந்து மைதானத்தைப் பறித்தால் அதன் வாசிப்பு வேகம் கூடிவிடாது. பாடசாலைக்கு வருவதற்கு அப்பிள்ளைக்கு இருந்த ஒரே காரணம் மட்டும் இல்லாமல் போகும். நான் கற்பித்த பாடசாலையொன்றில் இவ்வாறு நிறுத்தப்பட்ட மாணவன் அடுத்த தவணைக்கு வரவே இல்லை. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1984 முதல் சித்தியடையாத மாணவர் விளையாட முடியாது என்ற சட்டம் இருக்கிறது. ஆனால் விசேட கல்வி பெறும் மாணவரின் தேர்ச்சியை அங்கே பொது அளவுகோலால் அளப்பதில்லை. அவருக்கென வகுத்த தனியாள் கல்வித் திட்டத்தின் இலக்குகளைக் கொண்டே அளக்கிறார்கள். இறுக்கமான விதிக்குள்ளும் அவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள். விதியே இல்லாத நாம் அந்த இடத்தையும் விடுவதில்லை.

அப்படியானால் இலங்கையில் கல்வித் தகுதி எந்த இடத்தில் குறுக்கிடுகிறது?

உயர்தர வகுப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் செல்லும் படிகளில் குறுக்கிடுகிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், மூன்று பாடங்களில் திறமைச் சித்தியும் பெற்றவரே வழக்கமாக உயர்தர வகுப்புக்குச் செல்லலாம். வாசிப்பு இடர்பாடுள்ளவர் தாய்மொழியிலும், எண் இடர்பாடுள்ளவர் கணிதத்திலும் தடுக்கப்படுவது இந்த இடத்தில்தான். பதினாறு பதினேழு வயதில் பாடசாலையை விட்டு விலகும் ஓட்டக்காரருக்கு இருபது வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடும் வாய்ப்பும் போய்விடுகிறது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்கல்விப் பிரிவில் சாதாரண தரப் பெறுபேற்றைத் தடையாகக் கொள்ளாமல் தரம் 13 வரை படிக்கலாம். அப்பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை; அருகில் எங்கே இருக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள்.

பல்கலைக்கழக அனுமதியில், விளையாட்டு உள்ளிட்ட பிற துறைகளில் சிறந்து விளங்கியோருக்கும் இயலாமை உடையோருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தனித்தனியே விசேட ஏற்பாடுகள் வைத்திருக்கிறது. இரண்டுமே வெட்டுப்புள்ளியைத்தான் தளர்த்துகின்றன. உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி என்ற குறைந்தபட்சத் தகுதி அப்படியே இருக்கும். 'தேசிய மட்டத்தில் பதக்கம் எடுத்தால் கம்பஸ் கிடைக்கும்' என்று பிள்ளையிடம் சொல்பவர்கள் அந்தச் சித்தியைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொதுப் பரீட்சைகளில் மேலதிக நேரம் கேட்கலாமா?

கேட்கலாம். இயலாமையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், எழுத்தர் உதவி, பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களம் செய்கிறது. வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியில் இயலாமையின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நாம் இவற்றை எல்லாம் 'சலுகை' என்ற சொல்லால் குறிப்பதால், கேட்பவருக்குக் கூச்சமும் கொடுப்பவருக்கு அலுப்பும் உண்டாகின்றன. மூக்குக்கண்ணாடி அணிந்து பரீட்சை எழுதுபவர் சலுகை பெற்று எழுதுகிறார் என்று யாரும் சொல்வதில்லையே.

அமெரிக்கக் கல்லூரியில் விளையாட்டுப் புலமைப்பரிசில் பெற என்ன கல்வித் தகுதி வேண்டும்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை நிர்வகிப்பது என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கம். அதில் மூன்று பிரிவுகள் உண்டு. முதலாம், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்குகின்றன. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் வழங்குவதில்லை. முதல் இரு பிரிவுகளில் விளையாட விரும்பும் மாணவரின் பாடசாலைப் பதிவுகளைச் சங்கத்தின் தகுதி நிலையம் சரிபார்க்கும்.

முதலாம் பிரிவுக்கு, தரம் 9 முதல் கற்ற பாடங்களுள் 16 மையப் பாடங்கள் (சங்கம் தகுதிக்காக ஏற்கும் கல்விப் பாடங்கள்) கணக்கில் எடுக்கப்படும். ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று ஆண்டு, விஞ்ஞானம் இரண்டு ஆண்டு, இம்மூன்றுள் ஏதேனும் ஒன்றில் மேலும் ஓர் ஆண்டு, சமூக விஞ்ஞானம் இரண்டு ஆண்டு, இவற்றோடு அங்கீகரிக்கப்பட்ட வேறு பாடங்கள் நான்கு ஆண்டு என்பது அமெரிக்க மாணவருக்கான பங்கீடு. இந்தப் பாடங்களில் 4.0க்குக் குறைந்தது 2.3 தரப் புள்ளிச் சராசரி இருக்க வேண்டும். இரண்டாம் பிரிவுக்கு 2.2 போதும். முதலாம் பிரிவுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: 16இல் 10 பாடங்களை உயர்நிலைப் பள்ளியின் இறுதி ஆண்டு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலமாகவோ கணிதமாகவோ விஞ்ஞானமாகவோ இருக்க வேண்டும். கடைசி ஆண்டில் விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் சரிசெய்ய முயல்வோரைத் தடுக்கவே இந்த நிபந்தனை. மெதுவாகக் கற்று, பிந்தி முன்னேறும் பிள்ளையையும் இது சேர்த்தே தடுக்கிறது என்பது என் கருத்து.

வெளிநாட்டு மாணவரின் பதிவுகளை அந்தந்த நாட்டின் கல்வி முறைக்கேற்ப மதிப்பிடுகிறார்கள். நமக்கு அது சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளையும் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைகளையும் குறிக்கும். இரண்டு பொதுப் பரீட்சைகள் உள்ள நமது முறையில், எந்தக் கட்டத்தைப் பாடசாலைக் கல்வியின் முடிவாகக் கணக்கிடுகிறார்கள் என்பதை இலங்கைக்கான வழிகாட்டியில் பார்த்தோ, சேர்க்க விரும்பும் கல்லூரியைக் கேட்டோ உறுதிசெய்துகொள்ளுங்கள். கல்லூரியில் பிந்திச் சேர்ந்தவரா என்பது அந்த முடிவுத் திகதியிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

அமெரிக்கக் கல்லூரி அனுமதிக்கான எஸ்.ஏ.டி. பரீட்சை எழுத வேண்டுமா?

என்.சி.ஏ.ஏ. தகுதிக்கு வேண்டியதில்லை. முதலாம், இரண்டாம் பிரிவுகளுக்கான அந்த நிபந்தனை 2023 ஜனவரியில் நிரந்தரமாக நீக்கப்பட்டது. குறிப்பிட்ட கல்லூரியொன்று தன் அனுமதிக்காக அதைக் கேட்கலாம்; ஆங்கிலமொழித் தேர்ச்சிப் பரீட்சையையும் கல்லூரிகள் கேட்கும்.

கற்றல் இடர்பாடுள்ளவருக்கு இந்த விதிகளில் இடம் எப்படி வந்தது?

அச்சங்கம் தானாக முன்வந்து கொடுத்தது என்று சொல்ல முடியாது. 1983இல் நிறைவேற்றி 1986இல் நடைமுறைக்கு வந்த 48ஆம் முன்மொழிவு என்ற விதி, முதலாம் ஆண்டில் விளையாடக் குறைந்தபட்சப் பாடப் புள்ளியையும் பரீட்சைப் புள்ளியையும் கட்டாயமாக்கியது. விளையாட்டு வீரரைப் படிக்க வைக்காமல் பயன்படுத்திவிட்டு வெறுங்கையோடு அனுப்பும் வழக்கத்துக்கு முடிவுகட்டுவதே அதன் நோக்கம். நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மையப் பாடம் எது என்ற வரையறையில், கற்றல் இடர்பாடுள்ள மாணவருக்கெனப் பாடசாலைகள் நடத்திய வகுப்புகள் பல தள்ளப்பட்டன. பாடசாலை சொன்ன வகுப்பில் அமர்ந்து, அங்கே நல்ல புள்ளியும் எடுத்த மாணவர், கல்லூரி வாயிலில் 'இது பாடமே இல்லை' என்ற பதிலைக் கேட்க நேர்ந்தது.

நீச்சல் வீரரான சாட் கேண்டன் 1996இல் வழக்குத் தொடுத்தார். இடைக்காலத் தடையுத்தரவு அவருக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கால்பந்து வீரரான மைக்கேல் பவர்ஸ் 1997இல் தொடுத்த வழக்கு, அவர் இறந்த பின்னரும் பத்தாண்டுகளைத் தாண்டி மேன்முறையீடு வரை நீண்டது. முறைப்பாடுகளை விசாரித்த அமெரிக்க நீதித் திணைக்களம், 1990ஆம் ஆண்டின் இயலாமையுடைய அமெரிக்கர் சட்டத்தை விதிகள் மீறுவதாகக் கண்டது. அதன் தொடர்ச்சியாக 1998 மே மாதம் சங்கத்துக்கும் அரசுக்கும் இடையே இணக்க ஆணையொன்று (இரு தரப்பும் உடன்பட்ட நீதிமன்ற ஆணை) ஏற்பட்டது. வழக்கமான மையப் பாடம் தரும் அறிவையும் திறனையும் தருமாயின், விசேட வகுப்பும் மையப் பாடமாகக் கொள்ளப்படும் என்று ஏற்கப்பட்டது. தொடக்கத் தகுதியைப் பெறத் தவறிய கற்றல் இடர்பாடுள்ள மாணவர், கல்லூரியில் நன்றாகப் படித்தால் இழந்த ஆண்டை மீட்டுக்கொள்ளவும் வழி பிறந்தது.

இன்று அந்த மாணவருக்கு என்னென்ன ஏற்பாடுகள் உண்டு?

'கல்வியைப் பாதிக்கும் இயலாமை' என்ற தலைப்பின்கீழ் இன்று இவற்றைக் கையாள்கிறார்கள். கற்றல் இடர்பாடு, கவனக் குறைவு மிகைச் செயற்பாட்டு நிலை, ஓட்டிசம், உளநல நிலைகள், கேட்டல் குறைபாடு, கல்வியைக் கணிசமாகப் பாதிக்கும் நோய்கள் ஆகியவை இதில் அடங்கும்.

முதலாவது ஏற்பாடு, மேலே சொன்ன விசேட வகுப்புகளை ஏற்றுக்கொள்வது. அளவிலும் தரத்திலும் அவை வழக்கமான பாடத்துக்கு ஒப்பாக இருக்க வேண்டும். பாடவிடயத்தைக் குறைத்து நடத்திய வகுப்பு ஏற்கப்படாது. அதே விடயத்தை வேறு முறையில், கூடுதல் நேரத்தில் நடத்திய வகுப்பு ஏற்கப்படும். இரண்டாவது ஏற்பாடு காலம் சார்ந்தது. முதலாம் பிரிவில், உரிய காலத்தில் பாடசாலையை முடித்த ஏனைய மாணவர் அதன்பின் ஒரு மையப் பாடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளலாம். இயலாமை ஆவணப்படுத்தப்பட்ட மாணவர், கல்லூரியில் முழுநேரமாகச் சேருமுன் மேலும் மூன்று பாடங்கள் வரை பயன்படுத்தலாம். மூன்றாவது, தகுதி பெறாதவருக்காக விலக்குக் கோருவது. அவரைச் சேர்க்க விரும்பும் கல்லூரியே அதைக் கோர வேண்டும். மாணவரோ பெற்றோரோ நேரடியாகக் கோர முடியாது. அப்போது மாணவரின் முழுக் கல்விப் பதிவும் இயலாமையின் தாக்கமும் சேர்த்துப் பார்க்கப்படும்.

தனியாகக் கோரும் விலக்கைத் தவிர, இவை எதிலும் 2.3 என்ற சராசரி 2.0 ஆகத் தாழ்த்தப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏற வேண்டிய மலையின் உயரம் எல்லோருக்கும் ஒன்றுதான். சிலருக்கு ஏறும் பாதையும் ஏற எடுக்கும் நேரமும் மாறுகின்றன. 'குறைபாடு என்று எழுதி வாங்கினால் படிக்காமலே போகலாமாமே' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கான விடையும் இதுதான்.

என்ன ஆவணங்கள் வேண்டும்? மலையகத்தில் அவற்றை எங்கே பெறுவது?

எனக்கு வரும் கேள்விகளில் முக்கியமானது இதுவே. மேலே சொன்ன ஏற்பாடுகள் யாவும் தாளில் தங்கியிருக்கின்றன. அமெரிக்கப் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளி முதலே தனியாள் கல்வித் திட்டம் எழுதப்பட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. 1975ஆம் ஆண்டிலிருந்தே அங்கே அதற்குச் சட்டம் உண்டு. நமது பிள்ளைக்கு அதே இடர்பாடு இருந்தும், அதைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை.

தகுதி வாய்ந்த நிபுணரின் கையொப்பமிட்ட அண்மைக்கால மதிப்பீட்டு அறிக்கை முதலில் வேண்டும். என்ன இடர்பாடு, எந்தச் சோதனைகளால் கண்டறியப்பட்டது, அது கல்வியை எப்படிப் பாதிக்கிறது, என்ன உதவி தேவை என்பவை அதில் இருக்க வேண்டும். 'இவருக்குக் கற்றல் இடர்பாடு உண்டு' என்ற ஒற்றை வரிக் கடிதம் பயன்படாது. அடுத்து, பாடசாலை உண்மையில் என்ன உதவி செய்தது என்பதற்கான சான்று வேண்டும்: மேலதிக நேரம் கொடுத்ததா, வினாவை வாசித்துக் காட்டியதா, விசேட கல்வி ஆசிரியரிடம் அனுப்பியதா என்பவற்றை அதிபரின் கையொப்பத்தோடு திகதியிட்டு எழுதி வைக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை. இருந்தும் எழுதி வைப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மதிப்பீட்டுக்கு, அருகிலுள்ள ஆதார அல்லது மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ உளநல கிளினிக்கிலோ தொடங்கி, நிபுணரிடம் அனுப்பும் கடிதம் பெறுவதே வழக்கமான வழி. பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும், கொழும்பில் றிஜ்வே ஆரியா சீமாட்டி சிறுவர் வைத்தியசாலையும் உள்ளன. பதினாறு வயதானபின் சிறுவர் கிளினிக்கில் இடம் கிடைப்பது கடினமாகலாம் என்பதால் தரம் 8, 9இலேயே செல்வது நல்லது. பிள்ளையைத் தமிழில் சோதிக்கும்படி கேளுங்கள். வீட்டில் பேசாத மொழியில் மட்டும் சோதித்து எழுதிய அறிக்கையை வாசிப்பவர், இது இடர்பாடா மொழி தெரியாமையா என்று ஐயப்படுவது நியாயம்தான். தோட்டத்தில் அரை நாள் பேர் (கூலி) இழந்து, இரண்டு பஸ் மாறிச் சென்ற தாயிடம் 'அடுத்த மாதம் வாருங்கள்' என்று சொல்லப்படும். அவ்வாறு சொல்லப்பட்ட திகதியையும் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழில் உள்ள பாடசாலைப் பதிவுகள் மூலப் பிரதியாகவும், வரிக்கு வரி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் அனுப்பப்பட வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு செய்வது பாதுகாப்பானது. நம்மவர்க்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் வேறோர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் மூன்றாவது. வைத்திய அறிக்கையில் நான்காவதாக ஒன்று சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். லயத்துக் கூரை ஒழுகி நனைந்த தேர்ச்சி அறிக்கைக்கு மறுபிரதி எடுப்பது பெரும்பாடு. எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் உறையில் இட்டு, படமெடுத்தும் வைத்துவிடுங்கள்.

இடர்பாட்டை வெளியே சொன்னால் பிள்ளைக்குக் கெடுதலாகாதா?

பெண்பிள்ளைகளின் தாய்மார் இதைத் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். கல்யாணப் பேச்சு வரை யோசித்துத்தான் கேட்பார்கள். பொது விதிகளின்படியே தகுதி பெறும் மாணவர் தகுதி நிலையத்துக்கு இதை அறிவிக்க வேண்டியதில்லை. விசேட ஏற்பாடு தேவைப்படுபவர் மட்டுமே உரிய படிவத்தில் தம் சம்மதத்தோடு அறிவிக்கிறார். பயிற்றுநரிடம் எப்போது சொல்வது என்பது குடும்பத்தின் முடிவு. எனினும் விலக்குக் கோர வேண்டியது கல்லூரியே ஆதலால், அந்த நிலை வரும் என்று தெரிந்தால் முன்பே சொல்லிவிடுவது மேல்.

கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பிரச்சினை முடிந்ததா?

இல்லை, அதன்பின் தொடர்தகுதி விதிகள் வரும். முதலாம் பிரிவில் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 6 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) சித்தி பெற வேண்டும். மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் பட்டப்படிப்பின் 40 வீதமும், நான்காம் ஆண்டுக்குமுன் 60 வீதமும், ஐந்தாம் ஆண்டுக்குமுன் 80 வீதமும் முடிந்திருக்க வேண்டும். இயலாமையுள்ளவருக்காகக் கல்லூரி இவற்றிலும் விலக்குக் கோரலாம். பருவத்துக்கு 12 கிரெடிட் என்ற முழுநேரப் பாடச்சுமையைக் குறைக்கவும் கோரலாம்.

நமது பிள்ளைகள் இடறுவது இந்த இடத்தில்தான். விளையாட்டுச் சங்கத்தின் விலக்கு, குடிவரவுச் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது. எஃப்-1 மாணவர் வீசாவில் இருப்பவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். மருத்துவக் காரணத்துக்காகப் பாடச்சுமையைக் குறைக்க, வைத்தியரின் அல்லது உளவியலாளரின் ஆவணத்தோடு கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலர் முன்கூட்டியே அனுமதிக்க வேண்டும். அதுவும் ஒரு பட்டப்படிப்புக் காலத்தில் மொத்தம் 12 மாதங்களுக்கு மேற்படாது. பயிற்றுநர் சொன்னார் என்று ஒரு பாடத்தைக் கைவிட்டு 9 கிரெடிட்டோடு நின்றால், மைதானத்தில் விளையாடத் தகுதி இருந்தும் நாட்டில் தங்கத் தகுதி போய்விடலாம். பாடத்தைக் கைவிடுமுன் அந்த அலுவலரிடம் செல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைக்குப் புறப்படுமுன்பே சொல்லி அனுப்புங்கள்.

கல்லூரியில் தனியாள் கல்வித் திட்டமும் இல்லை. அங்குள்ள இயலாமைச் சேவை அலுவலகத்துக்கு மாணவரே சென்று, ஆவணத்தைக் காட்டி, வேண்டியதைக் கேட்க வேண்டும். பெரியவர்களிடம் எதையும் கேட்காதே என்று பழக்கப்பட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது பாடத்தைவிடக் கடினம். வகுப்பாசிரியரிடம் தனக்கு வேண்டியதைத் தானே கேட்க இங்கிருக்கும்போதே பழக்க வேண்டும்.

ஒரே வகுப்பில் இரண்டு ஆண்டு இருந்த பிள்ளைக்கு வயது விதியில் தளர்வு உண்டா?

இங்கே வயதுப் பிரிவு பிறந்த திகதியால் தீர்மானிக்கப்படுகிறது. வகுப்பு எதுவாயினும் அது மாறாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 19 வயது எல்லையை எதிர்த்து, கற்றல் இடர்பாட்டால் பிந்திய மாணவர்கள் வழக்காடியதுண்டு. 1994, 1995இல் இரண்டு மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. வயது கூடியவர் உடல் வலிமையிலும் கூடியவர் என்ற வாதமே அங்கே வென்றது.

இவர்கள் பராலிம்பிக் போட்டிகளில் பங்குபற்றலாமா?

வாசிப்பு இடர்பாட்டை மட்டும் காட்டிப் பங்குபற்ற முடியாது. மெய்வல்லுநர் போட்டிகளில் டி20 எனப்படும் பிரிவு அறிவுசார் இயலாமை உடையோருக்கானது. அறிவுத்திறன் ஈவு 75 அல்லது அதற்குக் கீழ் இருப்பதும், அன்றாட வாழ்வுத் திறன்களில் கணிசமான வரையறை இருப்பதும் நிறுவப்பட வேண்டும். பிரித்தானிய வழக்கில் 'கற்றல் இயலாமை' என்ற தொடர் இந்நிலையையே குறிப்பதால், இணையத்தில் தேடுவோர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் பிள்ளையின் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும்போது 'குறிப்பான கற்றல் இடர்பாடு' என்ற பொருள் தெளிவாக வரவேண்டும். இல்லாவிட்டால் சராசரி அறிவுத்திறனுள்ள பிள்ளை வேறு வகையில் அடங்கிவிடும்.

இவற்றையெல்லாம் செய்து தருவதாக முகவர் ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

தகுதி நிலையத்தில் மாணவர் தாமே இணையவழிக் கணக்குத் திறந்து பதிவு செய்யலாம். ஆவணங்களை அனுப்பும் முறையும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. படிவம் நிரப்புவதில் உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்வது வேறு. 'தகுதியை வாங்கித் தருகிறேன்', 'வைத்திய அறிக்கையும் ஏற்பாடு செய்கிறேன்' என்று சொல்பவரோடு பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இல்லாத இடர்பாட்டுக்கு எழுதிய அறிக்கையோ, திருத்திய தேர்ச்சி அறிக்கையோ பின்னர் வெளிப்பட்டால் தகுதியும் புலமைப்பரிசிலும் பறிபோகும், வீசாவும் பறிபோகலாம். புலமைப்பரிசில் வழங்குவது கல்லூரி. பயிற்றுநரின் மின்னஞ்சல் அக்கல்லூரியின் முகவரியிலிருந்து வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிள்ளையே பதில் எழுதட்டும். பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை.